வீட்டு ஷெட்டில் பிறந்த ரேஸ் கார்... ஒரு ஷாஃப்ட்டில் போன உயிர்! யார் இந்த காலின் சாப்மன்?

1962-ல் அறிமுகமான ‘லோட்டஸ் எலான்’ காரை இன்றும் பலர் ஆசையாக வைத்து ஓட்டுகிறார்கள். அவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: பின்சக்கர டிரைவ் ஷாஃப்ட். கம்பெனி கொடுத்த ரப்பர் கப்ளிங்கையே வைத்துக்கொள்வதா, இல்லை வெளியில் கிடைக்கும் சி.வி ஜாயின்ட் ஷாஃப்ட்டை வாங்கி வீட்டிலேயே மாட்டிவிடுவதா?

அந்த ரப்பரை அங்கே வைத்தவர் காலின் சாப்மன். காரை வீட்டிலேயே கழற்றி மாட்டலாம் என்ற தைரியத்தை ஒரு தலைமுறைக்கே கொடுத்தவரும் அதே சாப்மன்தான். ஃபார்முலா ஒன் வரலாற்றில் அதிகம் கொண்டாடப்பட்டவர். அதிகம் கேள்வி கேட்கப்பட்டவரும்கூட.

காதலி வீட்டு ஷெட்

1928 மே 19-ல் இங்கிலாந்தின் ரிச்மண்டில் பிறந்தார் சாப்மன். வளர்ந்தது வடக்கு லண்டனில் உள்ள ஹார்ன்ஸியில். அப்பா அங்கே ‘ரயில்வே ஹோட்டல்’ நடத்தினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தபோதே, சைடில் பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரம். பெட்ரோல் ரேஷன் கெடுபிடியில் வியாபாரம் படுத்துவிட, விற்காமல் கையில் நின்றது ஒரு பழைய ஆஸ்டின் செவன்.

அதைத் தள்ளிவிட மனசில்லை. காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுப் பின்னால் இருந்த ஷெட்டில் வைத்துப் பிரித்து மேய்ந்தார். பாடியை லேசாக, ஆனால் உறுதியாகத் திரும்பக் கட்டினார். 1948-ல் தயாரான அந்தக் கார்தான் முதல் லோட்டஸ். 1952-ல் ஹேசல் கொடுத்த 25 பவுண்ட் கடனோடு ‘லோட்டஸ் இன்ஜினியரிங்’ தொடங்கியது. பட்டறை? அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்! 1954-ல் ஹேசலும் சாப்மனும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

வரியை ஏமாற்றாமல் ஏய்த்த கதை

அப்போது பிரிட்டனில் முழு காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. தனித்தனி பாகங்களாக, ‘கிட்’ ஆக வாங்கினால் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை: எப்படிப் பொருத்துவது என்ற குறிப்பை கிட்டோடு கொடுக்கக் கூடாது. 1957-ல் வந்த ‘லோட்டஸ் செவன்’ இதற்கும் வழி கண்டுபிடித்தது. எப்படிக் கழற்றுவது என்ற குறிப்பைக் கொடுத்தார்கள். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து தலைகீழாகப் படித்துக்கொண்டே மாட்டினால் கார் ரெடி!

மாதச் சம்பளக்காரர்களும் வார இறுதியில் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்கள். 1973-ல் வரிமுறை மாறியதும் இந்தச் சலுகை முடிந்தது. பழக்கம் மட்டும் முடியவில்லை.

ஒரு பாகம், இரண்டு வேலை

டிஃபரென்ஷியலில் இருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். ரோட்டு மேடுபள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும். டிஃபரென்ஷியல் சேஸியிலேயே நிற்கும். அதனால் ஷாஃப்ட்டின் கோணமும் நீளமும் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்தப் பாகமும் ஒரே ஒரு வேலை மட்டும் செய்வது சாப்மனுக்குப் பிடிக்காது. 1957-ன் ஃபார்முலா டூ காரான லோட்டஸ் 12-ல், சக்கரத்தைச் சுழற்றுவதோடு அது பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் ஷாஃப்ட்டுக்கே கொடுத்தார். ஒரு தாங்குகம்பி மிச்சம், எடையும் மிச்சம்.

எலானில் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் வடை மாதிரி ரப்பர் வளையங்களை வைத்தார். கோணம், நீளம் இரண்டையும் ரப்பரே சமாளித்துவிடும். ஆனா, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ரப்பர் முதலில் முறுக்கிக்கொள்ளும், பிறகுதான் சக்கரம் சுற்றும். அதனால் மெதுவாகப் போகும்போது வண்டி குலுங்கும். வயதானால் ரப்பர் வெடிக்கும். அறுந்துவிட்டால் சுழலும் ஷாஃப்ட் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அடித்து நொறுக்கும். இந்தப் பயத்தில்தான் பலர் சி.வி ஜாயின்ட்டுக்கு மாறுகிறார்கள்.

எழுதிக் கேட்ட ஓட்டுநர்

ரேஸ் டிராக்கில் சாப்மன் தொட்டதெல்லாம் புதுசு. 1962-ல் லோட்டஸ் 25-ன் மோனோகாக் பாடி. அதே காரில் 1963-ல் ஜிம் கிளார்க் உலக சாம்பியன்; 1965-ல் மறுபடியும். 1968-ல் கிரகாம் ஹில். ஆனால் அதே 1968 ஏப்ரலில் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் கிளார்க் இறந்துபோனார். சாப்மன் நொறுங்கிப்போனார்.

1969-ல் பார்சிலோனாவில் இரண்டு லோட்டஸ் கார்களின் பின் விங்கும் அடுத்தடுத்து உடைந்தன. விபத்தில் சிக்கிய யோகன் ரிண்ட், சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். கார் போதுமான வேகத்தில் இருக்கிறது, பலவீனமான பாகங்களுக்குக் கொஞ்சம் எடை கூட்டினாலும் ஜெயிக்க முடியும் என்பதுதான் அதன் சாரம்.

1970-ல் வந்த லோட்டஸ் 72-ல் முன்பக்க பிரேக்குகளைச் சக்கரத்திலிருந்து எடுத்து பாடிக்குள் வைத்தார் சாப்மன். சக்கரத்தின் எடை குறையும், பிடிமானம் கூடும். பிரேக்கையும் சக்கரத்தையும் இணைத்தது ஒரு ஷாஃப்ட். அந்த ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி மோன்சாவில் தகுதிச் சுற்று. வளைவுக்கு முன் ரிண்ட் பிரேக்கை மிதித்தார். வலது முன்சக்கரத்தின் பிரேக் ஷாஃப்ட் உடைந்தது. கார் தடுப்பில் மோதியது. அதுவரை எடுத்திருந்த புள்ளிகளை அந்த ஆண்டு யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு உலக சாம்பியன் ஆன ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரிண்ட்தான்.

வெற்றியும் நிழலும்

லோட்டஸ் நிற்கவில்லை. 1972-ல் ஃபிட்டிபால்டி, 1978-ல் ஆண்ட்ரெட்டி என சாப்மன் காலத்தில் 6 ஓட்டுநர் பட்டங்கள், 7 கன்ஸ்ட்ரக்டர் பட்டங்கள். 1982 டிசம்பர் 16-ல் மாரடைப்பு. வயது 54 மட்டுமே. டிலோரியன் கார் நிறுவனத்தின் பணம் மாயமான வழக்கு அதற்குப் பிறகுதான் நீதிமன்றம் போனது. லோட்டஸின் நிதி நிர்வாகி ஃப்ரெட் புஷல் 1992-ல் சிறை சென்றார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவரும் கூண்டில் நின்றிருப்பார்.

இன்று ஷெட்டில் வேலை செய்பவர்களுக்கு

எலானுக்கு ஷாஃப்ட் மாற்றுபவர்கள் அந்த மோன்சா கதையை மறப்பதில்லை. வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்துவதில்லை. சேஸிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுக்கிறார்கள். போல்ட்டைக் கைக்கணக்கில் விடாமல், சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குகிறார்கள். ரப்பர் போய்விட்டால் கிளட்ச்சை விடும்போது வரும் அடி நேராக டிஃபரென்ஷியலுக்குப் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை. சக்கரத்தை முழுதாகக் கீழே தொங்கவிட்டு, கையால் சுற்றிப் பார்ப்பார்கள். எங்காவது இறுகினால், அந்த ஷாஃப்ட் ரோட்டுக்குப் போகாது. எடை குறைந்ததா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.