ஹோல்டர் டெஸ்ட் தெரியும்... யார் அந்த ஹோல்டர்?

நெஞ்சு படபடக்குதுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். ஆனால், ஈ.சி.ஜி எடுக்கும் நேரத்தில் மட்டும் இதயம் சமர்த்தாகத் துடிக்கும். ரிப்போர்ட் நார்மல்! அப்போது டாக்டர் எழுதித் தருவதுதான் ஹோல்டர் டெஸ்ட். இடுப்பிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ளும் குட்டி ரெக்கார்டர். ஹோல்டர் என்பது ஒரு மனிதரின் பெயர்.

யார் இவர்?

நார்மன் ஜெஃப் ஹோல்டர், 1914-ல் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் உள்ள ஹெலெனாவில் பிறந்தவர். டாக்டர் இல்லை, இயற்பியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக வேலை பார்த்தார். 1946-ல் பிகினி தீவு அணுகுண்டு சோதனையில் கடல் அலைகளை ஆராய்ந்தார். பிறகு சொந்த ஊரில் ஆய்வகம் தொடங்கினார்.

என்ன பிரச்சினை?

இதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. சாதாரண ஈ.சி.ஜி-யில் பதிவாவது சில துடிப்புகள் மட்டுமே, அதுவும் படுத்திருக்கும்போது. நடக்கும்போதும் தூங்கும்போதும் வரும் கோளாறு பதிவாகாமலே போய்விடும்.

38 கிலோ மூட்டை

1947-ல் ஹோல்டர் முதுகில் ஏறியது சுமார் 38 கிலோ எடையுள்ள ரேடியோ கருவி. அதைச் சுமந்தபடி உடற்பயிற்சி சைக்கிள் மிதித்தார். இதயத் துடிப்பு ரேடியோ அலையாக ரிசீவருக்குப் போனது. ஆனால், ரிசீவரை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் கட்! அந்த நேரத்து டேட்டா அவ்வளவுதான்.

தீர்வு, பதிவை ஆள் கூடவே அனுப்புவது. டிரான்சிஸ்டர் வந்ததும் கருவி சுருங்கியது. துடிப்புகள் கூடவே இருக்கும் காந்த நாடாவில் பதிவாயின. 1961-ல் சயின்ஸ் இதழில் இந்த முறையை வெளியிட்டார். டெல் மார் ஏவியானிக்ஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பதிவு செஞ்சா போதுமா?

மணிக்கணக்கில் ஓடும் நாடாவை யார் பார்ப்பது? பார்க்காத டேட்டாவும் தொலைந்த டேட்டாதான். அதற்கும் வழி கண்டார். நாடாவை 60 மடங்கு வேகத்தில் ஓட்டி, துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் காட்டும் முறை அது. மாறுபட்ட துடிப்பு உடனே கண்ணில் படும். 24 மணி நேரப் பதிவு 24 நிமிடத்தில் முடியும்.

1983-ல் ஹோல்டர் காலமானார். இன்று நாடாவுக்குப் பதில் மெமரி சிப். ஆனால், மார்பில் ஒட்டிய எலக்ட்ரோடு கழன்றால் இன்றும் பதிவில் ஓட்டை விழும். அதனால்தான் நனைக்காதீங்க, படபடப்பு வந்த நேரத்தைக் குறிச்சு வைங்க என்கிறார்கள். தேடும் அந்தத் துடிப்பு, அந்த ஓட்டையிலேயே விழுந்துவிடலாம்.