ஆசிரியர்களை உருவாக்கிய பயிற்றுநர்: ஹாரி குரோ பக்

எங்கள் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையை நினைக்காத பழைய மாணவி இருக்கமாட்டாள். உடற்கல்விக்கென்று தனியே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வழக்கத்தைத் தென்னாசியாவில் ஊன்றியவர்களில் முதன்மையானவர் ஹாரி குரோ பக். 1884 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1891 இல் கூடைப்பந்து தோன்றிய ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் கற்று, 1919 இல் சென்னைக்கு வந்தார்.

அந்நாளில் பாடசாலை உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் நடத்தும் அணிநடைதான். பிள்ளைகள் அதை விரும்பியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். பக் 1920 இல் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களுடன் தொடங்கினார். பின்னர் அது சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் விரிந்த மைதானங்களோடு நிலைகொண்டது. விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். சடுகுடு போன்ற நம்மவர் ஆட்டங்களும் அவர் கல்லூரியில் இடம்பெற்றன.

1924 பரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய மெய்வல்லுநர் அணிக்கு அவரே பொறுப்பாளர். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த அணியில் தடைதாண்டி ஓடிய சி. கே. லக்ஷ்மணன் ஒரு வைத்தியர், பின்னாளில் இந்திய சுகாதார சேவைகளின் பணிப்பாளர் நாயகமானார் என்பதை இங்கே சொல்லாமல் விட என் தொழிற்பற்று இடந்தரவில்லை. 1927 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதிலும் பக்கின் உழைப்புண்டு. எனினும் வெற்றிவீரர் சிலரைவிட, ஊர்தோறும் எல்லாப் பிள்ளைகளையும் விளையாட வைக்கும் ஆசிரியர் பலரே அவருக்கு முக்கியமாயிருந்தனர்.

இதே வை.எம்.சி.ஏ. வழியாகத்தான் 1916 இல் வால்டர் கமக் என்பவர் கொழும்பில் கரப்பந்தை அறிமுகம் செய்தார். இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்த காலத்திலும் இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி நாங்கள் ஆடியது அந்த ஆட்டத்தைத்தான்.

பக்கின் கல்லூரி ஆண்களுக்காகவே தொடங்கியது. பெண்களுக்குக் கதவு திறக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அந்தத் தாமதம் இன்னும் முழுதாய் முடியவில்லை. நீரிழிவோடும் உயர் குருதி அமுக்கத்தோடும் என்னிடம் வரும் நாற்பது வயதுப் பெண்களிடம் கடைசியாக எப்போது ஓடி விளையாடினீர்கள் என்று கேட்பதுண்டு. பெரியபிள்ளையாக முன்னம் என்பார்கள். மகளும் இப்போது விளையாடுவதில்லை, ரியூசனுக்கு நேரம் போதாது என்பார்கள். மருந்துச் சீட்டில் நடைப்பயிற்சி என்று எழுதுகிறேன். அதைப் பதினான்கு வயதில் எழுதியிருக்க வேண்டும்.

பக் 1943 இல் காலமானார். அவரது கல்லூரி இன்றும் உடற்கல்வி ஆசிரியர்களையும் ஆசிரியைகளையும் அனுப்பிக்கொண்டிருக்கிறது.