கருவியை யார் சோதிப்பது? கிரேஸ் ஹாப்பரின் கதை

நண்பர்களோடு ஓர் ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் தொடங்கினா, முதல் வாரமே இந்தக் கேள்வி வந்துடும்: நிரலைச் சரிபார்க்க எந்தக் கருவி? பைலின்ட்டா, ரஃபா, ஈஎஸ்லின்ட்டா? பெரும்பாலும் யூடியூபில் யாரோ சொன்னதை அப்படியே போட்டுக்குவோம். அதுக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு கேள்வியை அமெரிக்கக் கடற்படைக்காகச் சந்தித்த ஒருவரைத் தெரிஞ்சுக்கோங்க.

கிரேஸ் ஹாப்பர் 1906 டிசம்பர் 9-ல் நியூயார்க்கில் பிறந்தார். அலாரம் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு பார்க்க, ஏழு வயதில் வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களைக் கழற்றிப் போட்டவர். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். போர்க்காலத்தில் கடற்படையில் சேரப் போனால், வயது கூடுதல், எடை குறைவுன்னு தடை சொன்னாங்க. விடாமல் முயன்று 1943 டிசம்பரில் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஹார்வர்டின் மார்க் 1 கணினியில் வேலை.

கணினிக்குள் பூச்சியைப் பிடிச்சு, பக் என்ற சொல்லை உருவாக்கியவர் இவர்தான்னு நீங்க படிச்சிருக்கலாம். அது முழு உண்மை இல்லை. 1947 செப்டம்பர் 9-ல் மார்க் 2-வின் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியது, அதைப் பதிவேட்டில் ஒட்டி வெச்சாங்க. ஆனா கண்டுபிடிச்சது அவரில்லை. பக் என்ற சொல்லும் எடிசன் காலத்திலேயே இருந்தது. ஃபார்வர்டு செய்யும் கதையையும் சரிபார்க்கணும் பாருங்க!

1952-ல் அவர் ஏ-0 என்ற தொகுப்பியை உருவாக்கினார். 1953-ல் வந்த ஏ-2 வாடிக்கையாளர்களுக்கு மூல நிரலோடு போனது. மேம்படுத்தினால் திருப்பி அனுப்புங்கன்னு அவர்களிடம் கேட்கவும் செய்தாங்க. ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் பிறக்க இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல இருந்தது.

1959-ல் கோபால் மொழி உருவாக, அவருடைய ஃப்ளோ-மேட்டிக் முக்கிய அடிப்படையானது. ஆனா ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்கு ஒரு கோபால் தொகுப்பி செஞ்சது. ஒரு கணினியில் ஓடிய நிரல் இன்னொன்றில் ஓடலை. 1966-ல் ஓய்வு பெற்றவரை, 1967-ல் ஆறு மாசத்துக்குன்னு கடற்படை திரும்பக் கூப்பிட்டது. அந்த ஆறு மாசம் வருஷக்கணக்கா நீண்டது.

நிறுவனங்களின் விளம்பரத்தை நம்பி அவர் முடிவெடுக்கலை. மொழியின் ஒவ்வொரு விதிக்கும் சின்னச் சின்னச் சோதனை நிரல்களை அவர் குழு எழுதியது. சரியான விடை முன்கூட்டியே தெரியும். எல்லாத் தொகுப்பிக்கும் அதே சோதனைதான். எது தரத்துக்கு உட்பட்டது, எது விலகுதுன்னு தானாகவே வெளிச்சமாச்சு. நிரலைச் சோதிப்பதற்கு முன், நிரலைக் கையாளும் கருவியையே சோதித்தார்.

கள்ளக்குறிச்சியில் இருக்கிற நீங்களும் இதைச் செய்யலாம். உங்க மொழியில் தெரிஞ்சே தப்பு வெச்சுப் பத்துக் கோப்பு எழுதுங்க. தப்பே இல்லாத பத்துக் கோப்பும் எழுதுங்க. ஒவ்வொரு கருவியையும் இரண்டின் மேலயும் ஓட்டுங்க. எத்தனை தப்பைப் பிடிக்குது, எத்தனை இடத்தில் வீணா கத்துது, எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு குறிச்சுக்கோங்க. வீணா கத்துற கருவியோட எச்சரிக்கையை நாலாவது நாள் யாரும் படிக்க மாட்டாங்க.

இன்னொரு கேள்வியும் கேளுங்க: இணையம் இல்லாம அது ஓடுமா? லீவுக்கு வெள்ளிமலைக்குப் போகும் ஒரு முதலாமாண்டு மாணவி, கல்வராயன் மலையில் சிக்னல் தேடி அலையாம, தன் லேப்டாப்பிலேயே நிரலைச் சரிபார்த்துக்கொள்ள முடியணும். சர்வரில் மட்டும் ஓடும் கருவியை வெச்சா, அவருடைய முதல் பங்களிப்பு வராமலே போகலாம். பிழையைத் தடுக்க வெச்ச வாசல் ஆளையே தடுத்துடக் கூடாது.

ஹாப்பர் 1986-ல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ல் மறைந்தார். எடை குறைவுன்னு ஒருகாலத்தில் தடை சொன்ன கடற்படையில் இன்று அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் ஓடுது. அந்தத் தடை அன்னிக்கு நிலைச்சிருந்தா இந்த வேலை யார் கைக்குப் போயிருக்கும்? உங்க புராஜெக்டில் விதி வைக்கும்போது இதையும் நினைச்சுக்கோங்க.