உலகத்தைக் கையில் எடுத்துத் தந்த அம்மையார்

பூகோளம் என்றாலே நம்மில் பலருக்கு மனப்பாடம்தான் நினைவுக்கு வரும். பத்தாம் வகுப்பிலே படிக்கும் நாங்களும் தேர்வுக்கு முதல் நாள் இரவு தேசப்படத்தில் ஆறுகளைக் குறித்துக் குறித்துப் பழகுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இந்த நோய்க்கு மருந்து கண்ட ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் இத்தாலி நாட்டிலே 1870 ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், 1896-இல் ரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907-இல் அந்நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கிருந்தே அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

குழந்தையின் அறிவு கையின் வழியே வளர்கிறது என்பது அம்மையாரின் கொள்கை. அவருடைய முறையில் முதலில் வருவது ஒரு சிறு உருண்டை. அதில் நிலப்பகுதி உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகவும், கடல் வழவழப்பாகவும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே கண்டங்களைத் தடவி அறியலாம்! பிறகு மரத்தில் வெட்டிய தேசப்படங்கள். ஒவ்வொரு நாடும் தனித் துண்டு. பிடித்துத் தூக்க ஒரு குமிழ். தீவும் ஏரியும் இரு தட்டுகளில் அருகருகே இருக்கும். ஒன்றில் நிலமாக இருப்பது மற்றதில் நீராக இருக்கும். தீபகற்பமும் வளைகுடாவும் அப்படியே.

ஆனால் பொருள் மட்டும் இருந்தால் போதுமா? அதைக் கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டுமே. ஆகவே பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களும் ஒவ்வொரு பொருளையும் தம் கையாலேயே எடுத்து வைத்துப் பழக வேண்டும். குழந்தை வேலை செய்யும்போது குறுக்கிடாமல் உற்றுப் பார்க்கவும் கற்க வேண்டும். பேசியே பழகிய ஆசிரியர்களுக்கு இதுதான் கடினமாயிருந்திருக்கும் என்று நாங்கள் எண்ணுகிறோம்.

இப்பயிற்சியை அளிக்க 1939-இல் அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் 300-க்கும் மேற்பட்டோர் பயில வந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. உடனே தாயும் மகனும் பகை நாட்டார் ஆயினர். மாரியோவைக் காவலில் வைத்தது ஆங்கில அரசு. அம்மையாரும் நினைத்த இடத்துக்குப் போக முடியவில்லை. அவருடைய எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கினர். அந்த மலையிலே குழந்தைகளோடு செடி கொடிகளையும் பாறைகளையும் ஆராய்ந்து, உலகம் முழுவதையும் ஒரே கதையாகக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். ஊர் தாண்ட இயலாத நாளில் உலகத்தைப் பற்றிச் சிந்தித்தார்!

1946-இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் வந்து 1949 வரை பணி செய்தார். நம் நாட்டில் அவர் முறையைக் கற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தில் காலமானார்.

இதைப் படித்தபின் நாங்கள் புதுச்சேரி மாநிலத்தை அட்டையில் வெட்டிப் பார்த்தோம். எங்கள் ஆசிரியையும் எங்களோடு தரையில் அமர்ந்து கத்தரிக்கோல் பிடித்தார். அப்பப்பா! வில்லியனூர் ஒரு துண்டில், பாகூர் வேறு துண்டில், இடையிலே தமிழ்நாட்டு ஊர்கள். காரைக்காலைத் தெற்கே வைத்தோம். கோதாவரிப் பக்கத்து ஏனாமுக்காக இருவர் எழுந்து நகர வேண்டியதாயிற்று. மாகேயை வைக்க இடமில்லாமல், அரபிக்கடல் இருக்க வேண்டிய சுவரோரமாக வைத்துவிட்டு வந்தோம்.