சதாவதானம் துறந்த ஸ்ரீமத் ராஜசந்திரர்

ஒரே வேளையில் பல செயல்களை மனிதர் செய்ய இயலுமா என்னும் வினா இன்று இல்லந்தோறும் எழுகின்றது. தொலைக்காட்சியைப் பார்த்தவாறே பாடம் படிப்பதாகக் கூறும் பிள்ளைகளைப் பெற்றோர் நன்கு அறிவர். இவ்வினாவுக்கு விடை தேடுவோர் கருதிப் பார்க்கத் தக்கது, நூறு செயல்களை ஒருங்கே நிகழ்த்திக் காட்டிப் புகழ் பெற்று, பின்னர் அப்புகழை இருபது வயதளவில் தாமே துறந்த ஒரு சமணப் பெரியாரின் வாழ்க்கை.

ஸ்ரீமத் ராஜசந்திரர் 1867ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், கார்த்திகைப் பௌர்ணமியன்று, சௌராஷ்டிரத்தில் வவாணியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ரவ்ஜிபாய், தாயார் தேவபாய். பாட்டனார் கண்ணனை வழிபடுபவர்; தாயாரோ ஜைன நெறியினர். ஏழு வயதில், தமக்கு அன்பராயிருந்த ஒருவர் பாம்பு தீண்டி இறந்து எரியூட்டப்பட்டதைக் கண்டபோது, அவருக்கு முற்பிறவி நினைவு தோன்றியதென்பர். பள்ளியில் ஏழாண்டுப் பாடங்களை இரண்டே ஆண்டுகளில் முடித்துவிட்டார். பதின்மூன்று வயதில் தந்தையாரின் கடையில் அமர்ந்தார்.

அவதானக் கலையில் அவர் புகுந்தது இளமையில்தான். மோர்பியில் பன்னிரண்டு அவதானங்களிலே தொடங்கி, போட்டாதில் ஐம்பத்திரண்டு வரை உயர்ந்தார். சொக்கட்டானும் சீட்டும் சதுரங்கமும் ஆடிக்கொண்டே, இடையிடையே ஒலிக்கும் மணியோசையை எண்ணுதல். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் கணக்குகளுக்கு விடையளித்தல். கொடுத்த பொருள்களைப் பற்றிச் செய்யுள் இயற்றுதல். பல மொழிச் சொற்களை முறை மாற்றிச் சொல்லக் கேட்டு, இறுதியில் முறைப்படுத்தி உரைத்தல் என அவை விரிந்தன. 1887ஆம் ஆண்டு ஜனவரியில் பம்பாயில் பிராம்ஜி காவஸ்ஜி நிலையத்தில், பத்தொன்பது வயதில், நூறு அவதானங்களையும் நிகழ்த்தினார். முன்னரே காட்டப்பட்ட பன்னிரண்டு நூல்களைக் கண்கள் கட்டப்பட்ட நிலையில் தடவிப் பார்த்தே பெயர் கூறினார். பொற்பதக்கமும் பட்டமும் வந்தன. தலைமை நீதிபதி சர் சார்லஸ் சார்ஜன்ட் அவரை ஐரோப்பாவுக்குச் செல்லுமாறு கூறியதாகவும், அங்குத் தம் சமய ஒழுக்கத்தைக் காத்து வாழ இயலாதெனக் கருதி அவர் மறுத்ததாகவும் வரலாற்றாசிரியர் எழுதுவர்.

தமிழ்நாட்டார்க்கும் இக்கலை புதிதன்று. 1907இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்தமை பலரும் அறிந்ததே.

அவதானத்தின் உள்ளே நிகழ்வது யாது? வினவுவோர் நூற்றுவரும் ஒரே நொடியில் பேசுவதில்லை. ஒருவர் ஒரு சொல் தருவார். அடுத்தவர் ஓர் எண் தருவார். நடுவே மணி ஒலிக்கும். அவதானி ஒவ்வொன்றையும் முழுமையாய் ஏற்று, அதற்குரிய இடத்தில் வைத்து, கலங்காது மற்றதற்குத் திரும்புகின்றார். கண நேரம் அவர் மனம் ஒன்றன்பாலே நிற்கின்றது. அவர் அரிய ஆற்றல் நினைவிலும் விரைவிலும் உள்ளது. மனத்தை நூறாகப் பிளப்பதில் இல்லை. கோலமிட்டுக்கொண்டே அண்டை வீட்டாருடன் உரையாடும் தாய்மார் உளரே எனின், கை பழகிய தொழிலுக்குக் கருத்து மிகுதியாக வேண்டுவதில்லை. புதிய சிக்குக் கோலமாயின் பேச்சு நின்றுவிடும்! அமெரிக்க உளவியலார் ஆர்தர் ஜெர்சில்டு 1927இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவகைக் கணக்கையே தொடர்ந்து செய்வதைக் காட்டிலும் இருவகைக் கணக்குகளை மாறி மாறிச் செய்வோர்க்கு மிகுதியான நேரம் செல்வதைக் காட்டினார். மாற்றத்திற்கும் விலை உண்டு.

ராஜசந்திரரோ பம்பாய் நிகழ்ச்சிக்குப்பின் விரைவிலேயே அவதானங்களை நிறுத்திவிட்டார். கைதட்டலும் புகழும் ஆன்ம நாட்டத்திற்குத் தடையெனக் கண்டார். இத்தகைய துறவு எளிதன்று. பொருளைத் துறந்தாரைக் காணலாம். தம் திறமையைத் துறந்தார் அரியர்.

1888இல் மணம் புரிந்தார். பின்னர் பம்பாயில் ரேவாசங்கர் ஜகஜீவனுடன் கூட்டாக வைரமும் முத்தும் வாணிகம் செய்தார். 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் அவரை அங்குதான் கண்டார். தமக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் அடுக்கிச் சொல்ல, அவர் அதே வரிசையில் திருப்பிக் கூறினார். காந்தியடிகள் வியந்தாராயினும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது அதுவன்று. சாத்திர அறிவும், மாசற்ற ஒழுக்கமும், ஆன்மாவை உணரும் தாகமுமே. இலட்சக்கணக்கில் வாணிகம் நடக்கும் மேசை மீது ஒரு சமய நூலும் குறிப்பேடும் எப்போதும் இருக்கும். பேரம் முடிந்தவுடன் குறிப்பேடு திறக்கப்படும். வாணிகத்தின் சுவடு முகத்தில் இராது. பேரத்தின்போது பேரம், எழுத்தின்போது எழுத்து. ஆயினும் இதனை அவர் சுமையற்ற வாழ்வாகக் கொள்ளவில்லை. வாணிகம் பெரும் பாரமாய் அழுத்தியதை அவர் கடிதங்கள் பலவற்றில் காண்கிறோம். இரண்டையும் எளிதாகச் சுமந்தார் என்று போற்றுவோர் அக்கடிதங்களையும் படித்தல் வேண்டும்.

ஆண்டுதோறும் சில காலம் குஜராத்தின் ஊர்ப்புறங்களுக்கும் காடுகளுக்கும் சென்று தனித்திருந்தார். 1896இல் நடியாதில், 142 செய்யுள்களையுடைய ஆத்மசித்தியை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஒரே அமர்வில் எழுதி முடித்தார். அன்பர் அம்பாலால் விளக்கைப் பிடித்து நின்றார். ஈடர் மலையில் முனிவர்கள் சிலருக்கு நேமிசந்திரரின் திரவிய சங்கிரகத்தை விளக்கியுரைத்தார். நம் திகம்பர மரபினர் போற்றும் அந்நூலில், கேவல ஞானம் பெறாதார்க்குத் தரிசனம் முன்னும் ஞானம் பின்னுமாகவே நிகழும், இரு உபயோகங்கள் ஒருங்கே நிகழா, கேவலிக்கே அவ்விரண்டும் ஒருங்கு நிகழும் என்னும் கருத்து உள்ளது. நூறு அவதானம் செய்தவர் வாயிலிருந்து அந்நூலைக் கேட்டவர்கள் பேறு பெற்றவர்கள்.

1900இல் பரமச்ருத பிரபாவக மண்டலத்தை நிறுவினார். பொன்னூர் மலையோடு நாம் தொடர்புபடுத்தி வணங்கும் குந்தகுந்தாசாரியரின் நூல்களும் அதன் வெளியீடுகளில் இடம்பெற்றன. அதற்குள் உடல் மிக நலிந்துவிட்டது. வத்வானில் எடுக்கப்பெற்ற புகைப்படங்களில், எலும்புகள் தெரியும் மேனியுடன் காயோத்சர்க்க நிலையில் நிற்கின்றார், பத்மாசனத்திலும் அமர்ந்திருக்கின்றார். 1901 ஏப்ரல் 9ஆம் நாள், தம் முப்பத்துமூன்றாம் வயதில், ராஜ்கோட்டில் உடல் நீத்தார். அதற்குமுன் தம்பி மன்சுக்பாயிடம் தாயாரைக் கவனித்துக்கொள்ளுமாறு கூறிவிட்டு, தம் ஆன்மாவில் ஒன்றிவிட்டார்.