நாலு மாசக் குழந்தையும் கிண்டி காலேஜும்

க்விஸ் போட்டிக்குப் போற பழக்கம் இருந்தா இந்தக் கேள்வி உங்களுக்குப் பழசு. இந்தியாவின் முதல் பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் யார்? பஸ்ஸரைத் தட்டி, ஏ. லலிதா, கிண்டி பொறியியல் கல்லூரி, 1943ன்னு சொல்லிட்டு மார்க்கை வாங்கிட்டு வந்துடுவீங்க. அதோட சரி. அவர் ஏன் இன்ஜினியரிங் எடுத்தார்னு அடுத்த கேள்வியை யாரும் கேட்கிறதில்லை. அந்தக் காரணத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

அய்யலசோமயாஜுல லலிதா பிறந்தது 1919 ஆகஸ்ட் 27, சென்னையில். தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம், ஏழு பிள்ளைகள், அதில் இவர் ஐந்தாவது. அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டி கல்லூரியிலேயே எலக்ட்ரிக்கல் பேராசிரியர். பையன்கள் இன்ஜினியர் ஆகணும், பொண்ணுங்களுக்கு அடிப்படைப் படிப்பு போதும், கல்யாணம் பண்ணிக் கொடுத்துடணும். அந்தக் காலத்து வீடுகள்ல இதுதான் ஏற்பாடு. லலிதாவுக்கும் 15 வயசில் கல்யாணம் ஆயிடுச்சு. பத்தாம் வகுப்பு வரைக்கும் படிப்பு தொடர்ந்தது, அவ்வளவுதான்.

1937ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு மாசம் ஆகும்போது கணவர் இறந்துட்டார். லலிதாவுக்கு அப்போ 18 வயசு. கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க, நம்ம கிளாஸ்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசு அது. அந்தச் சமூகத்தில் கைம்பெண் என்றால் தலையை மழித்து, வெள்ளைப் புடவை கட்டி, நல்லது கெட்டது எதிலும் முன்னால் வராமல் ஒரு மூலையில் இருந்துவிட வேண்டும். மறுமணத்தையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. திரும்பவும் படிக்கப் போறதுன்னு முடிவு பண்ணினார். அப்பா கூட நின்றார். குயின் மேரிஸ் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்து, முதல் வகுப்பில் தேறினார்.

இப்போ அந்தக் காரணத்துக்கு வருவோம். சென்னையில் ஒரு பெண் டாக்டர் ஆவது அன்றைக்குப் புதுசு இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1912லேயே மருத்துவப் பட்டம் வாங்கியாச்சு. லலிதாவுக்கும் அந்த வழி திறந்துதான் இருந்தது. ஆனா டாக்டர் வேலைன்னா நடுராத்திரியில் கூப்பிட்டாலும் ஓடணும். தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை விட்டுட்டு ராத்திரியில் கிளம்ப அவர் தயாராக இல்லை. இன்ஜினியர் என்றால் காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பலாம். வீட்டிலேயே அப்பாவும் சகோதரர்களும் அந்தத் தொழிலில் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர், அதனால் கணக்கு தெளிவாக இருந்தது. (ஐடி கம்பெனி நைட் கால் எல்லாம் அவர் காலத்தில் இல்லை, பாவம், அவருக்குத் தெரியாது.) வரலாறு படைக்கணும்னு கிளம்பியவர் இல்லை அவர். ஒரு கைக்குழந்தையின் தூக்க நேரத்தை வைத்து பிராஞ்ச் தேர்ந்தெடுத்த அம்மா.

ஆனா கிண்டியில் அதுவரைக்கும் ஒரு பெண் கூடப் படித்ததில்லை. அப்பா முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக் கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதம் வரைக்கும் விஷயம் போனது. இரண்டு பேருமே சரின்னாங்க. பேராசிரியர் பொண்ணு, அதனாலதான் கதவு திறந்ததுன்னு நீங்க சொன்னா நான் மறுக்க மாட்டேன். அது உண்மைதான். திறந்த கதவுக்குள்ள போய் நாலு வருஷப் பாடத்தை முடிச்சது அவர்தான், அதுவும் உண்மை.

1940ல் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான பையன்கள் நடுவில் ஒரே பெண். விடுதியில் அவருக்கென்று தனி ஏற்பாடு, குழந்தை குடும்பத்தாரின் பராமரிப்பில். குழந்தையோடு இருக்கணும்னு எடுத்த படிப்பு, படிக்கிற காலத்தில் குழந்தையிடமிருந்தே பிரித்து வைத்தது. இந்த இடத்தைப் பல கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிடும். எனக்கு என்னவோ தாண்ட முடியல. கூட ஆள் இல்லாத விடுதி வாழ்க்கை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு பேர் சிவிலில் வந்து சேர்ந்தார்கள். இந்தத் திரேசியாதான் பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனவர். அவர் கதைக்குத் தனியா ஒரு கட்டுரை வேணும்.

உலகப் போர் நடந்த காலம் என்பதால் பாடத்திட்டத்தைச் சுருக்கினார்கள். மூவரும் ஒன்றாகவே படிப்பை முடித்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஆண்பாலில்தான் அச்சடித்து வைத்திருந்தார்கள். லலிதாவின் சான்றிதழில் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி. அது முடிந்து சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் இன்ஜினியரிங் உதவியாளர் வேலை. 1946 கடைசியில் அதை விட்டுவிட்டு சென்னைக்கு வந்து அப்பாவின் ஆராய்ச்சிக்கு உதவினார். புகையில்லா அடுப்பு, மின்சாரத்தில் இயங்கும் ஒரு இசைக்கருவி என்று அப்பா ஏதேதோ செய்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலை சுவாரசியம்தான், ஆனா ஒரு குழந்தையை வளர்க்க மாதாமாதம் சம்பளம் வேணுமே.

1948ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஏன் கல்கத்தா? அங்கே அவர் சகோதரர் குடும்பம் இருந்தது. மறுபடியும் அதே கணக்கு பாருங்க: வேலை எங்கேன்னு பார்க்கும்போதே, பகல்ல குழந்தையை யார் பார்த்துக்குவாங்கன்னும் பார்க்கிறார். அந்த வீட்டிலும் கிட்டத்தட்ட அதே வயசில் ஒரு பிள்ளை இருந்ததால் மகள் தனியாக வளரவில்லை. அப்பா இல்லாத குறையே தெரியாமல் தன்னை வளர்த்தார் அம்மா என்பதுதான் பின்னாளில் மகள் சொன்னதன் சாரம்.

ஆபீசில் என்ன வேலை? டிரான்ஸ்மிஷன் லைன் டிசைன். பிறகு சப்ஸ்டேஷன் லேஅவுட், புரொடெக்டிவ் கியர். பவர் சிஸ்டம் புரொடெக்‌ஷன்ல அரியர் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு நுணுக்கமான விஷயம்னு தெரியும். எங்கோ ஒரு இடத்தில் ஃபால்ட் வந்தால் அந்தப் பகுதி மட்டும் துண்டாகணும், மற்ற இடத்தில் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். சாஃப்ட்வேர் கிடையாது, ஸ்லைடு ரூலும் காகிதமும்தான். சட்லெஜ் நதியில் எழுந்த பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் பணிகளிலும் அவர் உழைப்பு இருக்கிறது. அந்த அணைப் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீங்க. ஒரு விதவை தனியாக சைட்டுக்கு ஊர் ஊராகப் போவதைச் சமூகம் ஏற்காத காலம் என்பதால் பெரும்பாலும் ஆபீசில் இருந்தபடியே டிசைன் வேலையைப் பார்த்தார்.

1953ல் லண்டன் மின் பொறியாளர் நிறுவனம் அவரை இணை உறுப்பினராக்கியது. 1966ல் முழு உறுப்பினர். இடையில், 1964 ஜூனில், நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. இந்தியாவில் அதற்கென்று ஒரு சங்கம் கூட அப்போது இல்லாததால், தனிப்பட்ட முறையில் போய்க் கலந்துகொண்டார். ஒரு காலத்தில் மூலையில் உட்காரச் சொல்லியிருக்கக்கூடிய பெண், 44 வயசில் உலகத்தின் பெண் பொறியாளர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் மகள் வளர்ந்து பெரியவள் ஆகியிருந்தாள், அம்மாவுக்குத் தூர தேசம் போக நேரமும் வந்திருந்தது.

அதே நிறுவனத்தில் ஏறத்தாழ முப்பது வருஷம். நடுவில் கம்பெனி கைமாறியது, அவர் மாறவில்லை. 1977ல் ஓய்வு. ராத்திரி ஒருபோதும் விட்டுப் போகக் கூடாதுன்னு அவர் நினைச்ச அந்தக் குழந்தை பிற்காலத்தில் கணித ஆசிரியை ஆனாள். ஓய்வுக்குப் பிறகு லலிதாவுக்குக் கிடைத்தது இரண்டே வருஷம். 1979 அக்டோபர் 12 அன்று, 60 வயசில், காலமானார்.