சலில் சௌத்ரி: கைரிக்‌ஷா கதை தந்த இசைமேதை

வங்காளிகளுக்கு இவர் ‘சலில்தா’. அசாம் தேயிலைத் தோட்டத்து டாக்டரின் மகன். தந்தையின் மேல்நாட்டு இசைத்தட்டுகளே முதல் பாடம். கல்கத்தாவில் படிக்க வந்தவர், விவசாயிகள் இயக்கத்திற்குப் பாட்டுக் கட்டினார். போலீஸ் தேடவே தலைமறைவானார். நிலத்தை மீட்கக் கல்கத்தாவில் கைரிக்‌ஷா இழுக்கும் குடியானவனைப் பற்றி இவர் எழுதிய கதைதான், 1953-ல் பிமல் ராய் எடுத்த ‘தோ பீகா ஜமீன்’. இசையும் இவரே. 1960-ல் வெளியான ‘கானூன்’ படத்தில் பாட்டே கிடையாது. பின்னணி இசை மட்டுந்தான். பாட்டில்லாமலும் இசையமைப்பாளருக்கு வேலை உண்டென்று காட்டிய படம் அது! 1965-ல் ‘செம்மீன்’ இவரைத் தென்னாட்டுக்குக் கொண்டு வந்தது. இவர் குழுவில் கிடார் வாசித்தவர்களில் இளையராஜாவும் ஒருவர். தமிழில் செய்த படங்கள் சிலவே. 1979-ல் வந்த பாலுமகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ அதில் ஒன்று. நம்மவர்கள் இன்னும் அழைத்திருக்கலாம். 1995 செப்டம்பர் 5-ல் கல்கத்தாவில் காலமானார்.